கட்டடத்துக்கு நிதி உண்டு. கதவைத் திறந்துவைக்க இல்லை

சமுதாய மையங்களின் நிதி நெருக்கடி: சட்டங்கள் திறந்த வாசல்களும் மூடிய வாசல்களும்

புது தில்லி: தலைநகரின் விளிம்பில் உள்ள மீள்குடியேற்றக் காலனிகளுக்கு மாலை நேரத்தில் செல்வோர் பல இடங்களில் ஒரே காட்சியைக் காணலாம். நெருக்கமான சந்து ஒன்றின் முனையில் இரண்டு, மூன்று அறைகள் கொண்ட ஒரு சிறு கட்டடம். முன்னறையில் பள்ளி முடிந்து வந்த பிள்ளைகள் பாயில் அமர்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அடுத்த அறையில் நாலைந்து தையல் இயந்திரங்களின் ஓசை. வாசலோர மேசையில் முதியோர் ஓய்வூதியத்துக்கும் ரேஷன் அட்டைக்கும் விண்ணப்பம் நிரப்பித் தர ஒருவர் அமர்ந்திருப்பார். இதுவே அப்பகுதியின் சமுதாய மையம். பெரும்பாலும் ஒரு சிறு தொண்டு அமைப்பு அதை நடத்தும்.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1975-க்கும் 1977-க்கும் இடையே, நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடிசைவாசிகளைக் கொண்டு திரிலோக்புரி, கல்யாண்புரி, மங்கோல்புரி, ஜஹாங்கீர்புரி போன்ற காலனிகள் உருவாயின. குடும்பத்துக்குச் சுமார் 25 சதுர கெஜ மனை ஒதுக்கப்பட்டது. அவ்வளவு சிறிய வீட்டில் பிள்ளை உட்கார்ந்து படிக்கவோ, பெண்கள் கூடிப் பேசவோ, முதியவர் பகல் பொழுதைக் கழிக்கவோ இடம் ஏது? பொது அறை ஒன்று இத்தகைய பகுதிகளில் வீட்டின் நீட்சியாகவே இருந்துவந்துள்ளது.

அந்தத் தேவை இன்றும் தீரவில்லை. 2025 ஜூன் மாதம், தமிழ்க் குடும்பங்கள் பெருமளவில் வாழ்ந்த ஜங்புரா மதராஸி கேம்பில் சுமார் 370 வீடுகள் இடிக்கப்பட்டன. தகுதி உடையவை என ஏற்கப்பட்ட 189 குடும்பங்களுக்கு நகரின் வடமேற்கு முனையான நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. பழைய அண்டை அயலையும் வேலையிடத்தையும் இழந்து புதிய இடத்துக்குச் செல்லும் குடும்பங்களுக்கு, வீட்டுக்கு அடுத்தபடியாக வேண்டியது இப்படி ஒரு பொது அறைதான்.

ஆனால் அந்த அறைக்கு யார் பணம் கொடுப்பது? நாட்டில் நன்கொடைக்கும் மானியத்துக்கும் வழிகள் இல்லை என்று கூற முடியாது. அரசுத் துறைகள், நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதி, பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, அறக்கட்டளைகள், வெளிநாட்டு நன்கொடை, பங்குச் சந்தை எனப் பட்டியல் நீளமானது. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஓர் உண்மை துலங்கும். கட்டடம் எழுப்பவும், கருவிகள் வாங்கவும், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு திட்டம் நடத்தவும் பணம் கிடைக்கிறது. வாடகைக்கும், மின் கட்டணத்துக்கும், காலையில் கதவைத் திறந்து இரவில் பூட்டும் ஊழியரின் ஊதியத்துக்கும் பணம் கிடைப்பது அரிது. மையங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மும்பையில் விழுந்த விதை

இந்தியாவில் நவீன சமுதாய மையத்தின் வரலாறு மும்பையின் நாக்பாடாவில் இருந்து தொடங்குகிறது எனலாம். 1920-களின் நடுவில் அமெரிக்க மராத்தி மிஷனைச் சேர்ந்த கிளிஃபோர்ட் மான்ஷார்ட் அங்கு 'நாக்பாடா நெய்பர்ஹுட் ஹவுஸ்' என்ற மையத்தை நிறுவினார். தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த அப்பகுதியில் கல்வியும் விளையாட்டும் மருத்துவ உதவியும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாகவே 1936-இல், 1932-இல் தோன்றிய சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளையின் உதவியுடன், சமூகப் பணிக்கான பட்ட மேற்படிப்புப் பள்ளி உருவாயிற்று. இன்று டாடா சமூக அறிவியல் நிறுவனமாக விளங்குவது அதுவே. ஒரு சமுதாய மையத்தின் அன்றாட வேலையிலிருந்து ஓர் உயர்கல்வி நிறுவனமே பிறந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

சுதந்திரத்துக்குப் பின் அரசும் இப்பணியில் பங்கேற்க முன்வந்தது. 1953-இல் மத்திய சமூக நல வாரியம் அமைக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் துர்காபாய் தேஷ்முக். சென்னையில் ஆந்திர மகிளா சபையை நிறுவி வளர்த்தவர். அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்தின் உறுப்பினராக இருந்தவர். நாடெங்கும் சிதறிக் கிடந்த சிறு மகளிர் அமைப்புகளுக்கும் குழந்தைகள் மையங்களுக்கும் சிறு மானியங்களை அளிப்பது அந்த வாரியத்தின் முக்கியப் பணியாக இருந்தது. உள்ளூர் அமைப்பு நடத்தும், அரசு கைகொடுக்கும் என்ற அந்த ஏற்பாடு பல பத்தாண்டுகள் நீடித்தது.

அரசு மானியம்: திட்டத்துக்கே பணம்

இன்று மத்திய அரசின் மானியம் பெற விரும்பும் எந்தத் தொண்டு அமைப்பும் நீதி ஆயோக்கின் 'தர்ப்பண்' தளத்தில் பதிவு செய்து தனி அடையாள எண் பெற்றிருக்க வேண்டும். 1860-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழோ, அறக்கட்டளையாகவோ, 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆவது பிரிவின்படி லாப நோக்கற்ற நிறுவனமாகவோ முன்னரே பதிவாகி இருப்பதும் அவசியம்.

மானியம் வழங்குவதற்கான அடிப்படை இலக்கணம் 2017-ஆம் ஆண்டு பொது நிதி விதிகளில் உள்ளது. தெளிவாக வரையப்பட்ட, நடைமுறைக்கு ஏற்ற குறிப்பிட்ட திட்டத்தின் அடிப்படையிலேயே மானியம் அளிக்கப்பட வேண்டும் என்கின்றன அவ்விதிகள். நிதியாண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் அளித்தாக வேண்டும். ஓர் அமைப்பின் மொத்தச் செலவில் 75 விழுக்காட்டுக்குக் குறையாமலும், 25 லட்சம் ரூபாய்க்குக் குறையாமலும் அரசு மானியம் இருக்குமானால், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அதன் கணக்குகளைத் தணிக்கை செய்யலாம்.

இவை யாவும் நியாயமானவையே. மக்கள் வரிப்பணத்துக்குக் கணக்கு கேட்பதில் தவறில்லை. ஆனால் 'குறிப்பிட்ட திட்டம்' என்ற சொல்லில்தான் சமுதாய மையத்தின் சிக்கல் தொடங்குகிறது. காலையில் குழந்தைகள் காப்பகம், பிற்பகலில் மகளிர் பயிற்சி, மாலையில் படிப்பு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை சட்ட ஆலோசனை என இயங்கும் ஒரே இடம் எந்த அமைச்சகத்தின் திட்டத்தில் அடங்கும்?

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வாசல் உண்டு. முதியோருக்கான இல்லங்களுக்கும் சேவைகளுக்கும் சமூக நீதி அமைச்சகத்தின் 'அடல் வயோ அப்யுதய' திட்டத்தின் கீழ் நிதியுதவி உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான பணிகளுக்கு அதே அமைச்சகத்தின் தீனதயாள் மறுவாழ்வுத் திட்டம் உள்ளது. தொண்டு அமைப்புகள் நடத்தும் பொது நூலகங்களுக்கு, கொல்கத்தாவில் 1972-இல் நிறுவப்பட்ட ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை உதவுகிறது. கலை, பண்பாட்டு அமைப்புகள் அரங்கம் கட்டிக்கொள்ளக் கலாசார அமைச்சகத்தின் கட்டட மானியம் இருக்கிறது. ஒரே மையம் இந்த நான்கு வாசல்களையும் தட்ட வேண்டுமானால் நான்கு விண்ணப்பங்கள், நான்கு ஆய்வுகள், நான்கு பயன்பாட்டுச் சான்றிதழ்கள் என்றாகிறது.

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியும் சமுதாயக் கூடங்களுக்குப் பழக்கமான வழி. 1993 டிசம்பரில் தொடங்கிய இத்திட்டத்தில் 2011-12 முதல் உறுப்பினர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் மதிப்புள்ள பணிகளைப் பரிந்துரைக்கும் உரிமை உண்டு. கொரோனா காலத்தில் நிறுத்திவைக்கப்பட்டு, 2021 நவம்பரில் இது மீட்கப்பட்டது. மாவட்ட நிர்வாகத்தின் வழியே பணி நடைபெறும். நிலைத்த பொதுச் சொத்துகளை உருவாக்குவதே இதன் நோக்கம். ஆகவே கூடம் எழும்பும். திறப்பு விழா நடக்கும். கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படும். அதன்பின் வரும் மின் கட்டணத்துக்கும் காவலாளியின் ஊதியத்துக்கும் இந்நிதியில் இடமில்லை. ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்து, திருமணத்துக்கும் தேர்தலுக்கும் மட்டும் திறக்கப்படும் சமுதாயக் கூடங்களை நாட்டின் எந்த மாநிலத்திலும் காண்பதற்கு இதுவே காரணம்.

காப்பகங்கள் சொல்லும் பாடம்

நடத்தும் செலவுக்கு அரசு அளித்த ஆதரவு சுருங்கினால் என்ன நேரும் என்பதற்குக் குழந்தைகள் காப்பகங்களின் கதையே சான்று. உழைக்கும் தாய்மார்களின் குழந்தைகளுக்காக 2006-இல் ராஜீவ் காந்தி தேசியக் காப்பகத் திட்டம் தொடங்கப்பட்டது. மத்திய சமூக நல வாரியம், இந்தியக் குழந்தைகள் நல கவுன்சில் ஆகியவற்றின் வழியே தொண்டு அமைப்புகளுக்கு நிதி சென்றது. இத்தகைய காப்பகங்கள் பல சமுதாய மையங்களுக்குள்ளேயே இயங்கின. அந்த மானியத்தில் ஒரு பணியாளர், ஓர் உதவியாளர், சிறிதளவு உணவுச் செலவு ஆகியவை நடந்தன, மையமும் திறந்திருந்தது.

2017 ஜனவரியில் இத்திட்டம் மாநிலங்கள் வழி நடத்தப்படும் திட்டமாக மாற்றப்பட்டது. செலவில் மத்திய அரசுக்கு 60, மாநிலத்துக்கு 30, தொண்டு அமைப்புக்கு 10 என்ற விகிதம் நிர்ணயிக்கப்பட்டது. 2010-களின் நடுப்பகுதியில் 20 ஆயிரத்தைத் தாண்டியிருந்த காப்பகங்களின் எண்ணிக்கை, சில ஆண்டுகளில் அதில் பாதிக்கும் கீழே இறங்கிற்று. 2022-இல் 'மிஷன் சக்தி'யின் கீழ் 'பால்னா' என்ற பெயரில் திட்டம் புதுப்பிக்கப்பட்டு, அங்கன்வாடியுடன் இணைந்த காப்பகங்களுக்கு அழுத்தம் தரப்பட்டது. அங்கன்வாடியை வலுப்படுத்துவது வரவேற்கத்தக்கதே. எனினும், இடையில் மூடப்பட்ட காப்பகங்களுக்குத் தங்கள் குழந்தைகளை அனுப்பிவந்த வீட்டுவேலைப் பெண்களும் கட்டடத் தொழிலாளர்களும் அந்த ஆண்டுகளை எப்படிக் கழித்தனர் என்பதற்குக் கணக்கு எங்கும் இல்லை.

நிறுவனங்களின் இரண்டு விழுக்காடு

2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு புதிய வாசல் ஒன்றைத் திறந்தது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதல், 5 கோடி ரூபாய் நிகர லாபம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014-15-இல் சுமார் 10 ஆயிரம் கோடி ரூபாயாக இருந்த இச்செலவு, 2023-24-இல் 34 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது.

சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் உள்ள பணிகளுக்கே இப்பணம் செல்லலாம். கல்வி, தொழிற்பயிற்சி, மகளிர் மேம்பாடு, முதியோர் பகல்நேர மையம், பொது நூலகம், குடிசைப் பகுதி மேம்பாடு ஆகியவை அதில் அடங்கும். ஆகவே, சமுதாய மையத்தின் ஏறத்தாழ எல்லாப் பணிகளுக்கும் அட்டவணையில் இடம் உண்டு. நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. ஒரு தொழிற்பேட்டையின் அருகில் உள்ள மையம் அங்குள்ள ஆலையின் கதவைத் தட்டுவதற்கு இந்த ஒரு வரி போதுமான ஆதாரம்.

தகுதிகள் உண்டு. 2021 ஏப்ரல் முதல், நிதி பெறும் அமைப்பு கம்பெனிகள் விவகார அமைச்சகத்தில் பதிவு செய்து எண் பெற்றிருக்க வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் கீழ் அறநிறுவனப் பதிவும், நன்கொடையாளருக்குச் சலுகை தரும் பதிவும் தேவை. இதே பணியில் மூன்றாண்டு அனுபவமும் வேண்டும்.

இங்கும் பழைய சிக்கலே எதிர்ப்படுகிறது. தொடர் திட்டம் என்றாலும், தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகளே அதன் ஆயுள். வைப்பு நிதி உருவாக்க அளிக்கும் தொகை சமூகப் பொறுப்புச் செலவாகக் கருதப்படாது என 2021 ஆகஸ்டில் அமைச்சகம் தெளிவுபடுத்திவிட்டது. அதாவது, ஒரு தொகையை வங்கியில் போட்டு, அதன் வட்டியில் மையத்தை நடத்தலாம் என்ற வழி அடைபட்டது. நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி நன்கொடை தரும் நிறுவனத்தின் சொந்தச் செலவுக்கு மட்டுமே உரியது. தொண்டு அமைப்புக்கு அல்ல. ஆயினும் அந்த எண்ணையே அளவுகோலாக்கி அமைப்பின் வாடகையையும் கணக்காளர் ஊதியத்தையும் வெட்டும் நிறுவனங்கள் உண்டு. பேச்சுவார்த்தைக்குச் செல்லும் மைய நிர்வாகிகள் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது.

மற்றொன்று, இடத்தின் ஏற்றத்தாழ்வு. ஆலைகளும் தலைமை அலுவலகங்களும் உள்ள மகாராஷ்டிரம், கர்நாடகம், குஜராத், தமிழ்நாடு, தில்லி போன்றவற்றுக்கே இந்நிதியின் பெரும்பங்கு செல்கிறது. தேவை மிகுந்த வடகிழக்கு மாநிலங்களுக்குச் சேர்வது சொற்பம்.

வெளிநாட்டு நிதி: நின்றுபோன ஓடை

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் முதலில் 1976-இல், நெருக்கடி நிலையின்போது இயற்றப்பட்டது. 2010-இல் புதிய சட்டம் வந்தது. 2020 செப்டம்பரில் அதில் செய்யப்பட்ட திருத்தங்கள் சிறு மையங்களை நேரடியாகத் தாக்கின.

அதற்கு முன், வெளிநாட்டு நிதி பெறும் பெரிய அமைப்புகள் அதன் ஒரு பகுதியைப் பதிவு பெற்ற சிறு அமைப்புகளுக்குப் பகிர்ந்தளித்துவந்தன. ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதவோ வெளிநாட்டுக் கொடையாளரைச் சந்திக்கவோ வசதியற்ற உள்ளூர் மையங்களுக்கு நிதி வந்த ஓடை அதுவே. திருத்தம் அந்தப் பகிர்வை முற்றாகத் தடை செய்தது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அலுவலக வாடகை, மின் கட்டணம் போன்றவை நிர்வாகச் செலவிலேயே சேரும். நாட்டின் எந்த மூலையில் இயங்கும் அமைப்பானாலும், வெளிநாட்டுப் பணத்தைப் புது தில்லி நாடாளுமன்றச் சாலையில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் தொடங்கும் கணக்கிலேயே முதலில் பெற வேண்டும் என்ற விதியும் வந்தது.

இத்திருத்தங்களை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நிர்வாகிகள் ஆதாருக்குப் பதிலாகக் கடவுச்சீட்டையும் அளிக்கலாம் என்பது மட்டுமே அதில் கிடைத்த தளர்வு. வெளிநாட்டு நன்கொடை பெறுவது முழுமையான உரிமை ஆகாது என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. புதிதாகப் பதிவு பெற, அமைப்பு மூன்று ஆண்டுகள் இயங்கி, அக்காலத்தில் 15 லட்சம் ரூபாய் தன் பணிகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். வெளிநாட்டு நிதி இன்றும் வருகிறது. 2021-22-இல் அது 22 ஆயிரம் கோடி ரூபாய் அளவில் இருந்தது. ஆனால் அது பெரிய அமைப்புகளின் எல்லையோடு நின்றுவிடுகிறது.

கெடுபிடிகளுக்குக் காரணமே இல்லை என்றும் கூறிவிட முடியாது. நாட்டில் உள்ள 31 லட்சத்துக்கும் மேற்பட்ட தொண்டு அமைப்புகளில் ஆண்டுக் கணக்கைச் சமர்ப்பிப்பவை 10 விழுக்காட்டுக்கும் குறைவு என்று உச்ச நீதிமன்றத்தில் 2015-இல் சி.பி.ஐ. தெரிவித்தது. ஊரகப் பணிகளுக்குத் தொண்டு அமைப்புகள் வழி நிதியளிக்க 1986-இல் தொடங்கப்பட்ட 'கபார்ட்' நிறுவனம், தன்னிடம் நிதி பெற்ற பல அமைப்புகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க நேர்ந்தது. 2020-இல் அந்நிறுவனமே தேசிய ஊரக வளர்ச்சி நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. ஏமாற்றியவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்காகப் போட்ட வேலியில் சிக்கித் தவிப்போர், வழக்கறிஞரும் பட்டயக் கணக்காளரும் வைத்துக்கொள்ள வசதியற்ற சிறு அமைப்பினரே.

நடுத்தர வர்க்கத்தின் கை

இனி எஞ்சுவது நாட்டுக்குள்ளேயே உள்ள தனிநபர் நன்கொடை. வருமான வரிச் சட்டத்தின் 80ஜி என்று பழகிப்போன பிரிவின்படி, பதிவு பெற்ற பெரும்பாலான அறநிறுவனங்களுக்கு அளிக்கும் நன்கொடையில் பாதி, மொத்த வருமானத்தின் 10 விழுக்காடு என்ற வரம்புக்குள், வரிக் கழிவு பெறும். 2017 முதல் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. 2021-22 முதல் ஒவ்வொரு நன்கொடையாளர் விவரத்தையும் அமைப்பே வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து, சான்றிதழ் வழங்க வேண்டும்.

இதைவிடப் பெரிய மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்தது. புதிய வருமான வரி முறையில் நன்கொடைக்கு இந்தக் கழிவு கிடையாது. 2023-24 நிதியாண்டு முதல் அதுவே இயல்பான முறை ஆயிற்று. 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கு ஜூலை இறுதிவரை தாக்கலான 7.28 கோடி கணக்குகளில் 5.27 கோடி, அதாவது 72 விழுக்காடு, புதிய முறையில் அமைந்தவை. மாதச் சம்பளக்காரர் ஆண்டுக்கு ஐயாயிரமோ பத்தாயிரமோ தருவதற்கு இருந்த வரித் தூண்டுதல், நால்வரில் ஏறத்தாழ மூவருக்கு இல்லாமல் போயிற்று. தர்மம் வரிக்காகச் செய்யப்படுவதில்லை என்பது உண்மை. ஆயினும் மார்ச் மாதக் கடைசி வாரத்தில் சிறு அமைப்புகளைத் தேடி வந்த காசோலைகளில் பல வரிக்காகவும் வந்தவை.

ஓர் ஆறுதலும் உண்டு. 2020-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், நிரந்தரமாக இருந்த அறநிறுவனப் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்றாக்கியது. ஆண்டு வருமானம் 5 கோடி ரூபாயைத் தாண்டாத சிறு நிறுவனங்களுக்கு 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அக்காலத்தைப் பத்தாண்டுகளாக நீட்டித்தது.

சமூகப் பங்குச் சந்தை என்ற புதிய ஏற்பாடும் உள்ளது. 2019 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, 2022-இல் 'செபி' விதிகள் பெற்ற இதில், 2023 டிசம்பரில் முதல் அமைப்பு பட்டியலிடப்பட்டு 1.8 கோடி ரூபாய் திரட்டியது. லாபமும் வட்டியும் அசலும் திரும்ப வராத பத்திரம் அது. நன்கொடைக்குச் சந்தை கொடுத்த பெயர். ஆனால் அதில் பதிவு செய்ய, முந்தைய ஆண்டில் குறைந்தது 50 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். மூன்று அறைகளும் ஐந்து ஊழியர்களும் கொண்ட மையத்துக்கு எட்டாத உயரம் அது.

சொந்த வருவாய்க்கும் வரம்பு

பிறர் கையை எதிர்பாராமல், கூடத்தைத் திருமணத்துக்கும் கூட்டங்களுக்கும் வாடகைக்கு விட்டு மையத்தை நடத்தலாமே என்று கேட்கலாம். பல சங்கங்கள் அதைத்தான் செய்கின்றன. அங்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு. ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம் போன்ற வகைகளில் அடங்காமல், 'பொதுப் பயன்பாட்டுக்கான பிற நோக்கம்' என்ற வகையில் வரும் அறநிறுவனம், வணிகத் தன்மையுள்ள வருவாயை மொத்த வரவில் 20 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். மீறினால் அந்த ஆண்டின் வரிவிலக்கு போய்விடும். 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்த வரம்பைக் கண்டிப்புடன் வலியுறுத்தியது. ஆக, கொடையாளியும் குறைகிறார். சொந்தச் சம்பாத்தியத்துக்கும் தடை.

கேரளமும் மிசோரமும்

இருளில் வழியே இல்லை என்பதற்கில்லை. இரு மாநிலங்களின் அனுபவம் இங்கு கவனிக்கத்தக்கது.

கேரளத்தில் பி.என்.பணிக்கர் 1945-இல் 47 நூலகங்களை ஒன்றிணைத்துத் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தைத் தொடங்கினார். இன்று அம்மாநில நூலக கவுன்சிலுடன் இணைந்த நூலகங்கள் 8 ஆயிரத்துக்கும் மேல். இவை அரசு அலுவலகங்கள் அல்ல. உள்ளூர் மக்கள் உறுப்பினராகி, தேர்தல் நடத்தி நிர்வகிப்பவை. படிப்பகத்தோடு நாடகம், விவாதம், மகளிர் மன்றம், சிறுவர் அரங்கு என உண்மையான சமுதாய மையங்களாகவே பல இயங்குகின்றன. 1989-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டட வரியில் ரூபாய்க்கு 5 காசு நூலக வரியாக வசூலிக்கப்படுகிறது. அந்நிதியிலிருந்து தரத்துக்கு ஏற்ப ஆண்டு மானியமும், நூலகருக்குச் சிறு படியும் வழங்கப்படுகின்றன. தொகை பெரிதல்ல; ஆனால் ஆண்டுதோறும் வரும் என்ற உறுதி பெரிது. தமிழ்நாட்டிலும் 1948-ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் தொட்டு நூலக வரி உண்டு. ஆனால் அது அரசு நடத்தும் நூலகங்களுக்கே செல்கிறது. மக்கள் நடத்தும் படிப்பகங்களை அந்த வரி தொடுவதில்லை.

மிசோரத்தின் வழி வேறு. அங்குள்ள பிரஸ்பிடேரியன் திருச்சபைப் பெண்கள் 1910 முதல் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கின்றனர். 'புஃபாய் தாம்' எனப்படும் இந்தப் பிடியரிசி விற்றுக் கிடைக்கும் பணம் திருச்சபைப் பணிகளின் முக்கிய ஆதாரங்களுள் ஒன்று. 1935-இல் தோன்றிய இளம் மிசோ சங்கம், ஊர்கூடி உழைக்கும் மரபைக் கொண்டு கிராமந்தோறும் பொதுப்பணிகளை ஆற்றுகிறது. 1921-இல் திலகர் சுயராஜ்ய நிதிக்கு ஒரு கோடி ரூபாய் திரண்டதும், 1933-34-இல் காந்தியடிகள் ஹரிஜன நிதிக்காக ஊர் ஊராகச் சென்று செப்புக் காசுகளையும் கணக்கில் வைத்ததும் இதே மரபைச் சேர்ந்தவை. பணத்தின் அளவைவிட, கொடுத்தவர்களின் எண்ணிக்கை அந்த நிதிகளுக்கு வலு சேர்த்தது.

செய்ய வேண்டியவை

சமுதாய மையங்கள் தம்மளவில் செய்யக்கூடியவை சில உண்டு. பதிவுச் சான்று, தர்ப்பண் எண், வருமான வரிப் பதிவுகள், கம்பெனிகள் விவகார அமைச்சகத்தின் எண், மூன்றாண்டு தணிக்கைக் கணக்கு ஆகிய ஐந்தும் கையில் இருந்தால் பெரும்பாலான வாசல்களைத் தட்டும் தகுதி வந்துவிடும். ஒரே பெரிய கொடையாளரை நம்பியிருப்பது ஆபத்து. அவர் விலகும் நாளில் மையம் மூடப்படும். சேவை பெறும் குடும்பங்களிடமிருந்தே மாதம் பத்து ரூபாயேனும் சந்தா பெறுவது, பணத்தைக் காட்டிலும் உரிமையை உறுதி செய்யும். வரவு-செலவை வாசல் பலகையில் எழுதி ஒட்டும் மையத்தின் மீது ஊர் சந்தேகம் கொள்வதில்லை.

அரசு செய்ய வேண்டியவை இன்னும் முக்கியமானவை. தன்னார்வத் துறைக்கான தேசியக் கொள்கைக்கு 2007-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தொண்டு அமைப்புகளின் சுதந்திரத்தையும், அவை நிதி திரட்ட உகந்த சூழலையும் அது ஏற்றுக்கொண்டது. அதன்பின் வந்த சட்டத் திருத்தங்கள் பெரும்பாலும் எதிர்த்திசையில் சென்றுள்ளன. ஒவ்வொரு மானியத்திலும் நடத்தும் செலவுக்கு நியாயமான ஒரு பங்கை ஒதுக்குவது, சிறு மையங்களின் வைப்பு நிதிக்குச் சமூகப் பொறுப்பு நிதியை அனுமதிப்பது, புதிய வரி முறையிலும் சிறு நன்கொடைக்குச் சலுகை அளிப்பது, உள்நாட்டுக் கண்காணிப்புடன் பெரிய அமைப்பிடமிருந்து சிறிய அமைப்புக்கு நிதி செல்ல வழிவிடுவது ஆகியவை அரசுக்குப் பெரும் செலவு வைப்பவை அல்ல. 2026 ஏப்ரல் முதல் நாளை நடைமுறைத் தேதியாகக் கொண்ட 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், அறநிறுவனங்களுக்கான விதிகளை ஒரே இடத்தில் தொகுத்துத் தந்துள்ளது. விதிகளைத் தொகுத்த கை, அவற்றைத் தளர்த்தவும் முன்வர வேண்டும்.

மாநிலங்களுக்கும் பொறுப்பு உண்டு. சொத்து வரியில் ஒரு சிறு பங்கை மக்கள் நடத்தும் மையங்களுக்கு அளிக்கக் கேரளம் சட்டம் செய்து கால் நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. மாநில அரசுகள் விரும்பினால் பின்பற்றத் தடையேதும் இல்லை.

மீள்குடியேற்றக் காலனியின் அந்தச் சிறு கட்டடத்தில் மாலை ஏழு மணிக்குப் பிள்ளைகள் கணக்குப் போட வேண்டுமானால், அங்கு ஒரு விளக்கு எரிய வேண்டும். அதை ஏற்ற ஒருவர் இருக்க வேண்டும். அந்த விளக்குக்கும் அந்த ஒருவருக்கும் எந்தத் திட்டத்தின் எந்தப் பத்தியில் இடம் என்ற கேள்விக்கு, தில்லியின் அமைச்சகங்கள் விடை கூறக் கடமைப்பட்டுள்ளன.